ஆகாயத் தூரமும் அடிவாசல் தூரமும்
(சங்கத்தின் ஆண்டு விழாக் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



ஆண்டு விழா மேடையில் சமயம் பேசலாம், தமிழ் பேசலாம், கல்வி பேசலாம்; ஆகாய விமானத்தின் தூரக் கணக்கைப் பேச என்ன வந்தது என்று உங்களிற் சிலர் எண்ணக்கூடும். காரணம் உண்டு. எங்கள் வாசிகசாலையில் ஒரு மாலை பாடசாலைப் பிள்ளை ஒருவன் உலகப்படத்தை விரித்து வைத்துக்கொண்டு, "கட்டுநாயக்காவிலிருந்து திருச்சிக்கு எவ்வளவு தூரம்?" என்று கேட்டான். விமானத்திற் போய் வந்த ஒருவர், "ஒரு மணி நேரம்" என்றார். படத்தின்மேல் அடிமட்டம் வைத்துப் பார்த்த வேறொருவர், "260 மைல்" என்றார். மூலையில் பத்திரிகை பார்த்துக்கொண்டிருந்த முதியவர் ஒருவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "எங்க தாத்தா வந்த தூரம் தம்பி அது. மைலா சொல்லல அவரு, நாளா சொன்னாரு" என்றார்.

மூவர் சொன்னதும் பொய்யல்ல. ஆயினும் மூன்றும் ஒன்றல்ல. தூரம் என்று நாம் சொல்லும்போது எதை அளக்கிறோம், எங்கிருந்து எதுவரை அளக்கிறோம், எந்த அளவுகோலால் அளக்கிறோம் என்று கேட்கப் பழகாவிட்டால், உண்மையான எண்களே நம்மை ஏமாற்றிவிடும். அப்படி ஏமாந்த கதை எம்மிடமே ஒன்று உண்டு. அதைப் பின்னர் சொல்வோம். முதலில் கணக்கு.

பழைய கணக்கிலிருந்தே தொடங்குவோம். நம் முன்னோர் திருச்சி, மதுரை, இராமநாதபுரம், சேலம் முதலிய மாவட்டங்களிலிருந்து கங்காணியின் பின்னே புறப்பட்டு, கடற்கரை வரை நடந்து, தோணியேறி மன்னார்ப் பக்கம் இறங்கி, காட்டு வழியே மாத்தளை வரை நடந்து, பின்னர் மலையேறினர். அந்தப் பாதையிலே வாந்திபேதியாலும் காய்ச்சலாலும் மாண்டவர் பலர். 1914 இல் தலைமன்னாருக்கு ரயில் பாதையும், அங்கிருந்து தனுஷ்கோடிக்குக் கப்பலும் வந்த பிறகு நடை குறைந்தது. மண்டபம் முகாமில் தங்கி, இருபது மைல் சொச்சக் கடலைக் கடந்து, மறுபடி ரயிலேறினர். 1964 டிசம்பர் 22 ஆம் திகதி இரவு அடித்த புயல் தனுஷ்கோடியை அழித்தது. அதன் பின் கப்பல் இராமேஸ்வரத்திலிருந்து ஓடியது. 1980-களில் யுத்தத்தோடு அதுவும் நின்றது.

நம் நாட்டின் சொந்த விமான சேவை 1947 இல் தொடங்கியது. அவ்வாண்டு டிசம்பர் 10 ஆம் திகதி எயார் சிலோன் நிறுவனத்தின் டக்கோட்டா விமானம் இரத்மலானையிலிருந்து புறப்பட்டு, யாழ்ப்பாணத்துப் பலாலியில் இறங்கி, சென்னைக்குச் சென்றது. அந்த விமானத்துக்கு இட்ட பெயர் 'சீதா தேவி.' நுவரெலியாவுக்கு அருகே சீதா எலியவில் அம்மன் கோயிலை வணங்குகிற நமக்கு அந்தப் பெயர் ஒரு புன்னகையைத் தராமற் போகாது. அன்று இலங்கைக்கு வந்த வழியில் அல்லவா சீதை திரும்பிப் போகிறாள் என்று யாரேனும் அன்று பேசியிருந்தாலும் வியப்பில்லை.

இனி, இரண்டு விமான நிலையங்களுக்கு இடையிலுள்ள தூரத்தை எப்படி அளப்பது? நூல் பிடித்து அளக்க முடியாது. கடலும் மலையும் குறுக்கே கிடக்கின்றன. ஆனாற் பூமி உருண்டை. அந்த உருண்டையின்மேல் நாம் மனத்தாற் போட்டுக்கொண்ட அகலக்கோடுகளும் நெடுங்கோடுகளும் உண்டு. ஒவ்வோர் இடத்துக்கும் இரண்டு எண்கள். அவை கிடைத்தால், வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்தபடியே தூரத்தைக் கண்டுவிடலாம்.

ஒரு பாகையை அறுபதாகப் பிரித்தால் ஒரு பகுதி ஒரு கலை. வடக்கு தெற்காக ஒரு கலை நகர்ந்தால், பூமியின்மேல் ஒரு கடல்மைல் நகர்ந்தோம் என்று பொருள். மாலுமிகளும் விமானிகளும் கடல்மைலைக் கைவிடாமல் வைத்திருப்பதற்கு இந்த வசதியே காரணம். ஒரு கடல்மைல் 1.852 கிலோமீற்றர். நம் தெருக்கரையில் நட்ட பழைய மைற்கல்லின் மைலோ 1.609 கிலோமீற்றர். இரண்டும் மைல்தான், ஆனால் நூறு கடல்மைல் என்பது நிலத்து மைலில் 115. எந்த மைல் என்று சொல்லாத மைல் பாதி மைல்தான் என்று பிள்ளைகள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

கட்டுநாயக்கா விமான நிலையம் வடக்கு 7 பாகை 11 கலை, கிழக்கு 79 பாகை 53 கலையில் இருக்கிறது. திருச்சி விமான நிலையம் வடக்கு 10 பாகை 46 கலை, கிழக்கு 78 பாகை 43 கலை. வடக்கு தெற்கு வித்தியாசம் 3 பாகை 35 கலை. அதாவது 215 கலை. ஆகவே 215 கடல்மைல். கிழக்கு மேற்கு வித்தியாசம் 1 பாகை 10 கலை. அதாவது 70 கலை. இங்கே ஒரு நுட்பம் உண்டு. நெடுங்கோடுகள் எல்லாம் துருவத்தை நோக்கிப் போகப் போக ஒன்றையொன்று நெருங்குகின்றன. தோடம்பழச் சுளைகளைப் போல. மத்திய கோட்டிலே தான் கிழக்கு மேற்காக ஒரு கலை முழுக் கடல்மைல். நம் பக்கத்திலே, ஏறக்குறைய 9 பாகையில், அதை 0.988 ஆற் பெருக்க வேண்டும். எழுபது அறுபத்தொன்பதாகக் குறைகிறது. குறைவு சிறிது, ஆனால் லண்டன் பக்கத்தில் இதே கணக்கைச் செய்தால் எழுபது நாற்பத்து நாலுக்கு அருகில் போய்விடும்.

இனிப் பாடசாலையிற் படித்த பைதகரசுத் தேற்றத்தை நினைவுகூருங்கள். 215 இன் வர்க்கம் 46,225. 69 இன் வர்க்கம் 4,761. கூட்டினால் 50,986. அதன் வர்க்கமூலம் ஏறத்தாழ 226. ஆக, கட்டுநாயக்காவிலிருந்து திருச்சிக்கு 226 கடல்மைல், நிலத்து மைலில் 260, கிலோமீற்றரில் 418. அடிமட்டம் வைத்தவர் சொன்னது சரியே.

இந்த முறை அண்மையிலுள்ள ஊர்களுக்குப் போதும். தூரதேசங்களுக்குப் போகும்போது பூமியின் வளைவைச் சேர்த்தே கணக்கிட வேண்டும். அதற்குக் கோளத் திரிகோண கணிதம் உண்டு. கணக்கு வேண்டாம் என்பவர்கள் பூகோள உருண்டை ஒன்றை எடுத்து, இரண்டு ஊர்களுக்கும் இடையே ஒரு நூலை இறுக்கிப் பிடியுங்கள். நூல் எந்த வழியாகக் கிடக்கிறதோ அதுவே மிகக் குறுகிய வழி. அதே வழியைச் சுவரில் மாட்டிய தட்டைப் படத்தில் வரைந்தால் வில்லைப் போல வளைந்து தோன்றும். விமானி சுற்றிப் போகிறான் என்று நாம் நினைப்போம். சுற்றியது அவனல்ல, உருண்டையைத் தட்டையாக்கிய படமே.

நம் பாரத நாட்டு வான சாஸ்திரிகளுக்கு இவை புதியனவல்ல. கி.பி. 499 இல் ஆரியபடர் பூமியின் விட்டம் 1,050 யோசனை என்று எழுதினார். இன்றைய அளவில் அந்த விட்டம் 12,742 கிலோமீற்றர். அவருடைய யோசனையின் நீளம் என்ன என்பதில் அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு. விட்டத்தை அவர் சரியாகவே கண்டார் என்று வைத்துக்கொண்டால் யோசனைக்கு 12 கிலோமீற்றருக்குச் சற்று மேல் வரும். அனுமன் தாண்டியது நூறு யோசனை என்று இராமாயணம் சொல்கிறது. அந்த அளவிற் பார்த்தால் அது ஆயிரத்து இருநூறு கிலோமீற்றர். தலைமன்னார்க் கடலோ இருபது மைல் சொச்சம். காவியத்தின் யோசனையை வானசாஸ்திரத்தின் யோசனையால் அளந்து சண்டை பிடிப்பது வீண் வேலை. அளவுகோல் வேறு, நோக்கம் வேறு.

இன்னொன்றையும் கேளுங்கள். சூரிய சித்தாந்தம் போன்ற நூல்களில், உஜ்ஜயினி வழியாகப் போகும் நெடுங்கோடு மத்திய கோட்டைச் சந்திக்கும் இடத்துக்கு இலங்கை என்று பெயர். எல்லாக் கணக்கும் அங்கிருந்தே தொடங்கும். இன்று லண்டன் கிறீனிச்சுக்கு உள்ள மதிப்பு அன்று இலங்கைக்கு இருந்தது. ஆனால் நாம் நிற்கும் இலங்கை மத்திய கோட்டுக்கு வடக்கே ஏறத்தாழ 6 பாகையிலிருந்து 10 பாகை வரை கிடக்கிறது. உஜ்ஜயினியின் நெடுங்கோட்டுக்கோ நாலு பாகையளவு கிழக்கே இருக்கிறது. அந்த இலங்கை கணக்கின் வசதிக்காக வைத்த புள்ளி. இந்த இலங்கை தேயிலையும் மழையும் உள்ள மண். கணக்கிலுள்ள இடமும் காலடியிலுள்ள இடமும் வேறுபடலாம் என்பதை முன்னோர் தெரிந்தே வைத்திருந்தனர்.

தூரம் கிடைத்துவிட்டது, இனி நேரம். இன்றைய ஜெற் விமானம் உயரத்திற் பறக்கும்போது மணிக்குச் சுமார் 450 கடல்மைல் செல்கிறது. 226 ஐ 450 ஆல் வகுத்தால் அரை மணி நேரம். ஆனால் கால அட்டவணையில் ஏறத்தாழ ஒரு மணி நேரம் என்று போட்டிருக்கிறார்கள். மிகுதி அரை மணி நேரம் எங்கே போயிற்று?

விமானம் நின்ற இடத்தைவிட்டு அசைந்த கணத்திலிருந்து மறு நிலையத்தில் வந்து நின்ற கணம் வரை உள்ள நேரமே அட்டவணை நேரம். ஓடுபாதை வரை ஊர்ந்து போக வேண்டும். முறை வரும்வரை காத்திருக்க வேண்டும். எழும்பியபின் திசை திரும்ப வேண்டும். இறங்கும்போது காற்றுக்கு எதிர்முகமாக ஓடுபாதைக்கு நேரே வரச் சுற்றி வர வேண்டும். அன்றியும், விமானம் எழும்பிய உடனே முழு வேகம் பிடிப்பதில்லை. இறங்கும்போதும் வேகத்தைக் குறைத்துக்கொண்டே வரவேண்டும். ஆயிரம் அடி இறங்குவதற்கு மூன்று கடல்மைல் வேண்டும் என்பது விமானிகளின் மனக்கணக்கு. முப்பதாயிரம் அடியிலிருந்து இறங்க வேண்டுமானால் தொண்ணூறு கடல்மைலுக்கு முன்பே இறங்கத் தொடங்க வேண்டும். ஏறுவதற்கும் அதைப் போன்ற தூரம் செல்லும். ஆகவே திருச்சிப் பயணத்தில் விமானம் ஏறி முடிந்ததும் இறங்கத் தொடங்கிவிடுகிறது என்றே சொல்லலாம். இந்த மூன்று கடல்மைற் கணக்கை மறந்துவிடாதீர்கள். சிறிது நேரத்தில் அது நமக்கு வேண்டும்.

பழைய டக்கோட்டாவுக்கு இந்தத் தொல்லை குறைவு. அது தாழ்வாகவும் மெதுவாகவும் சென்றது. இரத்மலானையிலிருந்து பலாலிக்கு ஏறத்தாழ 178 கடல்மைல். பலாலியிலிருந்து சென்னைக்கு 192. ஆக 370 கடல்மைல், நிலத்து மைலில் 426. மணிக்கு 160 மைல் என்று வைத்துக்கொண்டால் ஆகாயத்தில் மட்டும் இரண்டு மணி நாற்பது நிமிடம் ஆகிறது. பலாலியில் இறங்கி ஏறிய நேரம் வேறு.

காற்றும் கணக்கில் வரும். மணிக்கு 450 கடல்மைல் போகும் விமானத்துக்கு எதிரே 50 கடல்மைல் வேகக் காற்று வீசினால், தரையின்மேல் அதன் வேகம் 400 தான். அதே காற்று பின்னிருந்து தள்ளினால் 500. இரண்டாயிரம் கடல்மைல் போகும் விமானத்துக்கு ஒரு பக்கம் ஐந்து மணி நேரம்; மறுபக்கம் நாலு மணி நேரம். தூரம் ஒன்றே, போகும் நேரமும் வரும் நேரமும் வேறு. ஆற்றில் ஓடமோட்டுபவனுக்கு இது தெரியும்.

இனி மணிக்கூடு செய்யும் மாயத்தைப் பாருங்கள். இன்று இலங்கைக்கும் இந்தியாவுக்கும் நேரம் ஒன்றே. ஆனால் 1996 இல் நம் நாட்டு மணிக்கூட்டை முன்னே தள்ளினார்கள்; அவ்வாண்டின் பிற்பகுதியிலிருந்து 2006 ஏப்ரில் வரை நாம் இந்தியாவுக்கு அரை மணி நேரம் முன்னே இருந்தோம். அந்நாளிலே காலை ஒன்பது மணிக்குக் கட்டுநாயக்காவில் புறப்பட்டு, ஒரு மணி நேரம் பயணஞ் செய்து திருச்சியில் இறங்கினால், அங்கே சுவர் மணிக்கூடு ஒன்பதரை காட்டும். திரும்பும்போது பதினொன்றுக்குப் புறப்பட்டால் இங்கே பன்னிரண்டரை. போக அரை மணி, வர ஒன்றரை மணி என்று சீட்டைப் பார்த்துச் சொன்னவர்களும் உண்டு. நம் தோட்டத்துப் பிள்ளைகள் இன்று பிழைப்புக்காகத் துபாய்க்குப் போகிறார்கள். அங்கே நேரம் நமக்கு ஒன்றரை மணி பின்னே. பத்து மணிக்குப் புறப்பட்டு நாலரை மணி நேரம் பறந்தால் அங்கே பகல் ஒரு மணி. சீட்டில் அச்சிட்டிருப்பது அந்தந்த ஊர் நேரம். இரண்டையும் ஓர் ஊர் நேரமாக்கிய பிறகே கழிக்க வேண்டும்.

அன்பர்களே, இதுவரை சொன்னது புத்தகக் கணக்கு. இனி நாம் முன்னே சொன்ன எமது தவறுக்கு வருவோம்.

சில ஆண்டுகளுக்கு முன், எங்கள் வட்டாரத்துத் தோட்டம் ஒன்றில் வாழும் ஒரு பெரியவருக்குத் திருச்சிக்கு அப்பாலுள்ள கிராமத்திலிருந்து செய்தி வந்தது. அவருடைய அக்காள் காலமாகிவிட்டார். 1964 அக்டோபர் மாதத்து ஸ்ரீமாவோ சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி 5,25,000 பேர் இந்தியாவுக்கு என்றும் 3,00,000 பேர் இலங்கைக்கு என்றும் கணக்கெழுதினார்கள் அல்லவா? அந்தக் கணக்கிலே அக்காள் அந்தப் பக்கமும் தம்பி இந்தப் பக்கமும் விழுந்தார்கள். தலைமன்னாரிற் கப்பலேற்றி விட்டு வந்த நாளுக்குப் பின் அவர் அக்காளைக் கண்டதில்லை. நோயாய்க் கிடக்கிறார் என்று அறிந்து, போய்ப் பார்ப்பதற்குக் கடவுச்சீட்டும் விசாவும் எடுத்து வைத்திருந்தார். அதற்குள் இந்தச் செய்தி. தம்பி வரட்டும் என்று மறுநாள் மாலை நாலு மணி வரை உடலை வைத்திருப்பதாகச் சொன்னார்கள்.

சங்கத்து இளைஞர்களான நாமே முன்னின்று விமானச் சீட்டு எடுத்துக் கொடுத்தோம். காலை ஒன்பது நாற்பதுக்கு விமானம். மூன்று மணி நேரம் முன்னதாக, ஆறு நாற்பதுக்கு அங்கே இருக்க வேண்டும். உலகப்படத்தில் அளந்தோம், அட்டனிலிருந்து கட்டுநாயக்கா 46 கடல்மைல், 85 கிலோமீற்றர். இரண்டு மணி நேரம் தாராளம் என்றோம். தோட்டத்திலிருந்து அட்டனுக்கு அரை மணி நேரம். கொஞ்சம் மிச்சமும் சேர்த்து, விடியற்காலை நாலு மணிக்குப் புறப்பட்டாற் போதும் என்று அவருக்குச் சொன்னோம்.

அளந்தது காகம் பறக்கும் தூரம். காகமல்லவே நாம்! கொழும்பு கோட்டையிலிருந்து அட்டன் நேர்க்கோட்டில் 51 மைல்தான்; ரயில் பாதையிலோ சுமார் 108 மைல். மலை நாட்டில் நேர்க்கோடு என்பதே கிடையாது. அன்று மழை, லயத்திலிருந்து பெருந்தெரு வரை தோட்டத்துப் பாதை குண்டும் குழியுமாய் ஒரு மணி நேரத்தைத் தின்றது. கினிகத்தேனை வளைவுகளில் மூடுபனி. கித்துல்கலையிலும் அவிசாவளையிலும் நெரிசல். ஒன்பது மணி ஐந்து நிமிடத்துக்கு வான் நிலைய வாசலில் நின்றது. பயணிகளைப் பதியும் இடம் மூடியாகிவிட்டது. மாலையில் வேறு விமானத்திற் போய், இரவில் அந்தக் கிராமத்தை அடைந்தார். காரியம் பகலிலேயே முடிந்துவிட்டது.

திரும்பி வந்தவரிடம் முகத்தைக் காட்டவே நமக்குக் கூச்சமாக இருந்தது. அவர் நம்மைக் கோபித்துக்கொள்ளவில்லை. "அக்கா மொகத்த பாக்கப் போனேன் தம்பி, சாம்பல அள்ளி ஆத்துல கரைச்சிட்டு வந்தேன். அதுக்காவது குடுத்து வச்சிருந்திச்சே" என்றார். கடலைத் தாண்ட வேண்டிய நேரத்தைச் சரியாகக் கண்டோம். கினிகத்தேனையைத் தாண்ட வேண்டிய நேரத்தைக் காணவில்லை. விமானமோ, விமான நிலையமோ, வானோட்டியவரோ செய்த பிழையன்று. தவறு எம்முடையது.

பிறகு உட்கார்ந்து மறுபடி கணக்குப் போட்டோம். தோட்டத்திலிருந்து அட்டனுக்கு ஒரு மணி, அட்டனிலிருந்து நிலையத்துக்கு நாலரை, அங்கே காத்திருப்பு மூன்று, விமானம் ஒன்று, திருச்சியில் முத்திரை குத்தி வெளியே வர ஒன்று, கிராமத்துக்கு வண்டியில் இரண்டு. ஆகப் பன்னிரண்டரை மணி நேரம். அதில் விமானத்தின் பங்கு ஒரு மணி. அட்டவணை பொய் சொல்லவில்லை. அது ஒரு நிலையத்திலிருந்து மறு நிலையத்துக்குள்ள நேரத்தைச் சொன்னது. நாம் அதை ஒரு வாசலிலிருந்து மறு வாசலுக்குள்ள நேரமாக எடுத்துக்கொண்டோம்.

ஒரு தவறான அளவு ஒருவருக்கு அக்காளின் முகத்தை இழக்கச் செய்தது. இன்னொரு தவறான அளவு நம் மலையிலேயே 191 உயிர்களைக் கொண்டது. அதை இங்குள்ள பெரியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

1974 டிசம்பர் 4 ஆம் திகதி இரவு. இந்தோனேசியாவின் சுரபாயாவிலிருந்து மக்காவுக்குப் புறப்பட்ட ஹஜ் யாத்திரிகர் 182 பேரும் விமான ஊழியர் 9 பேருமாக, ஒல்லாந்து தேசத்து மார்ட்டின் எயார் நிறுவனத்தின் டி.சி. 8 விமானம் ஒன்று கட்டுநாயக்காவில் இறங்கிச் செல்ல வந்துகொண்டிருந்தது. இரவு பத்து மணிக்குப் பின், நோர்ட்டன் பிரிட்ஜுக்கும் மஸ்கெலியாவுக்கும் அருகே ஏழு கன்னியர் மலையில், ஏறத்தாழ 4,355 அடி உயரத்தில் மோதியது. ஒருவரும் பிழைக்கவில்லை. நோர்ட்டன் பிரிட்ஜில் அவர்களுக்கு நினைவுச் சின்னம் உண்டு. சிவனொளிபாத மலைக்கு யாத்திரை போகும் வழியில் வாழும் நமக்கு, யாத்திரையிலே மாண்டவர்களின் துயரம் எம்மதமாயினும் நம் துயரமே.

விசாரணை என்ன சொன்னது? விமான நிலையத்திலிருந்து தாம் எவ்வளவு தூரத்தில் இருக்கிறோம் என்பதை விமானிகள் பிழையாகக் கொண்டு, பாதுகாப்பான உயரத்துக்குக் கீழே இறங்கிவிட்டார்கள். விமானத்திலிருந்த டொப்ளர்க் கருவியையும் வானிலை ராடாரையும் நம்பியதால், தவறாகப் பொருள் கொள்ள இடமேற்பட்டது.

டொப்ளர்க் கருவி என்பது வானொலி அலையைக் கீழே அனுப்பி, அது திரும்பி வரும் விதத்தைக் கொண்டு தரையின்மேல் விமானத்தின் வேகத்தைக் காண்பது. வேகத்தை நேரத்தாற் பெருக்கித் தூரத்தைக் கூட்டிக்கொண்டே போகும். தொடக்கத்தில் உண்டான சிறு பிழையும் கூடிக்கொண்டே போகும். சுரபாயாவிலிருந்து கட்டுநாயக்கா ஏறத்தாழ 2,150 கடல்மைல். நூற்றில் ஒரு பங்கு பிழை என்று உதாரணத்துக்கு வைத்துக்கொண்டாலும், முடிவில் இருபது கடல்மைலுக்கு மேல் தவறிவிடும். வழியின் பெரும்பகுதி இருளும் கடலும். அந்தக் கடலின்மேல் சரிபார்க்க ஓர் ஊர் விளக்கும் இல்லை.

இப்போது அந்த மூன்று கடல்மைற் கணக்கை எடுத்துக்கொள்ளுங்கள். ஏழு கன்னியர் மலை கட்டுநாயக்காவிலிருந்து ஏறத்தாழ 40 கடல்மைல். நாற்பது கடல்மைல் தூரத்தில் இருக்கும் விமானம் அந்தக் கணக்கின்படி பதின்மூவாயிரம் அடி உயரத்திலே இருக்க வேண்டும். 4,355 அடி என்பதோ, நிலையத்துக்கு ஏறத்தாழப் பதின்மூன்று கடல்மைல் தூரத்தில் இருப்பவனுக்குரிய உயரம். உயரமானி பழுதென்று யாரும் சொல்லவில்லை. உயரம் சரி, தூரம் பிழை, நடுவிலே மலை. நம் பிள்ளைகள் கேட்கலாம், தூரத்தை இரண்டு மூன்று மைல் கூடக் குறையச் சொன்னால் என்ன என்று. அவர்களை அந்த மலையைப் பார்க்கச் சொல்லுங்கள்.

இன்று விமானங்கள் செய்மதிகளின் உதவியால் தம் இடத்தைச் சில மீற்றர்களுக்குள் அறிகின்றன. நிலத்தை நெருங்கினால் எச்சரிக்கும் கருவிகளும் உள்ளன. மனிதன் அளக்கக் கற்றுக்கொண்டே இருக்கிறான். ஆனாலும் அடிப்படை ஒன்றுதான்: ஓர் அளவை மற்றோர் அளவாற் சரிபார். ஒரே கருவியை நம்பாதே. எங்கிருந்து, எதுவரை, எந்த மைலில் என்று கேள்.

வாலிப அன்பர்களே! எங்கள் வாசிகசாலைக்குப் பூகோள உருண்டை ஒன்று வாங்கியிருக்கிறோம். முப்பது சென்றிமீற்றர் விட்டமுள்ள அந்த உருண்டையில் கட்டுநாயக்காவுக்கும் திருச்சிக்கும் இடையே நூல் வைத்துப் பார்த்தால் ஒரு சென்றிமீற்றர்தான் வரும். பாட்டன் நாட்கணக்கில் நடந்ததும், அக்காளும் தம்பியும் ஆயுள் முழுவதும் கடக்க முடியாமற் போனதும் அந்த ஒரு சென்றிமீற்றரே. உருண்டை அதைச் சொல்லாது. நாம்தான் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும்.

அதன் பக்கத்துச் சுவரில் ஒரு பலகையும் மாட்டியிருக்கிறோம். நம் வட்டாரத்துத் தோட்டங்கள் ஒவ்வொன்றிலிருந்தும் அட்டனுக்கு எவ்வளவு நேரம், மழை நாளில் எவ்வளவு, அட்டனிலிருந்து கட்டுநாயக்காவுக்குப் பகலில் எவ்வளவு, இரவில் எவ்வளவு என்று, போய் வந்தவர்களைக் கேட்டு எழுதி வருகிறோம். இன்னும் பல தோட்டங்களுக்கு எதிரே இடம் வெறுமையாகவே இருக்கிறது. இந்தக் கூட்டத்தில் இருப்பவர்களுள் அண்மையில் பயணம் போய் வந்தவர்கள், வீடு திரும்புமுன் அந்தப் பலகைக்கு அருகே வந்து, புறப்பட்ட நேரத்தையும் போய்ச் சேர்ந்த நேரத்தையும் சொல்லிவிட்டுப் போகும்படி கேட்டுக்கொள்கிறோம். அடுத்த முறை ஒருவருக்குச் செய்தி வரும்போது, அவர் எத்தனை மணிக்குப் புறப்பட வேண்டும் என்று நாம் பிழையின்றிச் சொல்ல வேண்டும்.